மாமியாரில் தொடங்கிய பாடம்

தங்கை மகள் சுமதி போன வாரம் ஹட்டனிலிருந்து வந்தபோது ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அவள் வகுப்பு நடத்துகிறாள். பெட்டி நிறைய வண்ணப் பட அட்டைகள், தாயும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கப் புத்தகங்கள், ஆசிரியருக்கு ஒரு கையேடு, அந்தக் கையேட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல இன்னொரு குட்டிக் கையேடு.

"ஒங்க காலத்துல என்னா பெரியம்மா குடுத்தாங்க?" என்றாள்.

நான் அட்டை ஒன்றை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன். புது மை வாசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாடம் என்றால் எனக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையின் வாசம்தான். தேயிலைத் தூளும் மழை ஈரமும் அடுப்புக்கரியும் கலந்த வாசம். அதை இனி எந்தப் பெட்டியில் தேடுவது?

அறுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியை. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். சாயங்காலம் ஊருக்கெல்லாம் கடுதாசி வாசிப்பு. மலையில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள், இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் என் வாசலில் வந்து நிற்பார்கள். மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டுவார்கள். திருச்சிப் பக்கம் யார் வீட்டுப் பசு கன்று போட்டது, இறம்பொடைத் தோட்டத்தில் யார் மகன் யாரோடு ஓடிப்போனான், எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே!

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு சங்கத்தார், பெரியவர்களுக்கு வகுப்பு வையுங்கள் என்று ஒரு கட்டுப் புத்தகம் அனுப்பினார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில், தொட்டில் சேலைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு, வகுப்பு வைத்தேன். புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் அணில். அடுத்ததில் ஆடு. கொஞ்சம் தள்ளி, உழவன் வயலில் நெல் விதைக்கிறான். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, நெல் வயலையே பார்க்காதவர்கள் பாதிப் பேர். முன்வரிசையில் இருந்த கருப்பாயி அணிலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அணிலப் பத்தி நான் யாருக்கு டீச்சரம்மா கடுதாசி போடப் போறேன்?"

காம்பராவே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சரி, யாருக்கு என்ன எழுதணும், சொல்லுங்க" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கருப்பாயிக்கும் அவள் புருஷனுக்கும் இலங்கைக் குடியுரிமை கிடைக்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். ஒரே மகள் லெச்சுமி இந்தத் தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷனுக்குக் குடியுரிமை இருந்ததால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒம் மாமியா சோறு போடுறாளா, ஏசுறாளா, நான் எப்படிக் கேக்குறது?" என்றாள் கருப்பாயி. "யாரு படிச்சாலும் அவ முன்னாலதானே படிப்பாங்க. நீங்க படிச்சாலும் அப்புடித்தான், கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? உண்மைதானே. என் வாசிப்பை நாலு லயத்து வரிசை வீடுகளின் ஆட்களும் நின்று கேட்பார்கள்.

அணிலை மூடி வைத்தேன். உடைந்த தேயிலைப் பெட்டியின் மூடியைச் சுவரில் சாய்த்து, பால் காய்ச்சும் அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து, பெரிதாக 'மாமியார்' என்று எழுதினேன். அதுதான் எங்கள் முதல் பாடம். அடுத்த பாடம் 'சோறு'. அதற்கடுத்தது 'ஏசுறாளா'. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய சொல்லைக் கேட்டு வாங்கினார்கள். பலகைகள் சுவரோரம் அடுக்கடுக்காகச் சேர்ந்தன.

செய்தி லயத்துக்குப் போகாமல் இருக்குமா? ஒருநாள் லெச்சுமியின் மாமியார் அங்கம்மா விடுவிடுவென்று வந்து சம்பந்திக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னயப் பத்தி என்னாதான் எழுதப் போறாளுகன்னு நானும் படிச்சுப் பாக்குறேன்."

இனி சண்டைதான், வகுப்பும் போச்சு என்று நினைத்தேன். சண்டையும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கம்மா வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. மாமியாரும் மருமகளும் எழுத்தை மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். தடுமாறியது கருப்பாயிதான். கொழுந்துக் கறை ஏறிக் காய்த்துப்போன விரல்கள். கரியை அழுத்தினால் உடையும், விட்டால் நழுவும். நாள் நெருங்க நெருங்க அவள் எழுத்து பெரிதானதே தவிர வேகம் வரவில்லை. சில நாள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா அழுவாள். அப்போதெல்லாம் அங்கம்மாதான் அதட்டுவாள்.

"அழுவாத சம்மந்தி. அழுதா எழுத்து வருமா? இப்புடி வளைச்சு இழு."

கொட்டகலை ஸ்டேஷனுக்கு எல்லோருமாகப் போய் வழியனுப்பினோம். ரயில் நகர்ந்தபோது கருப்பாயி கத்தினாள்: "நானே எழுதுவேன் லெச்சுமி! வேற ஆளு கையெழுத்துல வந்தா எனக்கு மேலுக்கு முடியலன்னு நெனச்சுக்க!"

அதற்குப் பிறகு லெச்சுமி பட்ட பாடு! ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. வேறு கையெழுத்தில்கூட ஒன்றும் வரவில்லை. வகுப்பில் அவள் பலகையைத் தொடவே மாட்டாள். நானும் உள்ளுக்குள் பயந்துதான் போனேன்.

ஒரு சாயங்காலம் மாமியாரும் மருமகளும் ஓட்டமும் நடையுமாகப் பிள்ளைக்காம்பராவுக்குள் வந்தார்கள். லெச்சுமி கையில் கடிதம். காகிதத்தின் பின்பக்கம் தெரியும் அளவுக்கு அழுத்தி, பலகையில் எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்து. கருப்பாயியேதான்! பழக்கதோஷம், கையை நீட்டிவிட்டேன்.

லெச்சுமி கடிதத்தை மார்போடு ஒட்டிக்கொண்டாள்.

"இல்லீங்க டீச்சரம்மா... நாங்களே படிக்கிறோம்."

அங்கம்மா இன்னும் ஒருபடி மேலே போனாள். "நீங்க செத்த வெளியில நில்லுங்கம்மா. இது எங்க வீட்டு வெசயம்."

வெளியே வந்து பனிமூட்டத்தில் நின்றேன். உள்ளே இரண்டு குரல்கள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பிறகு அங்கம்மா பெரிதாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். கருப்பாயி என்ன எழுதியிருந்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

லெச்சுமிக்குப் பிறகு ஒவ்வொருவராக என் வாசலுக்கு வருவது நின்றது. வழியில் கண்டால், "சொகமா இருக்கீங்களா டீச்சரம்மா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே? ஆனாலும் விளக்கேற்றிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இதெல்லாம் சுமதியின் கையேட்டில் இல்லை. கடைசியாக என்னிடம் கடிதம் வாசிக்கக் கொண்டுவந்தது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அதுதான் கடைசி என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசித்திருப்பேன்.