நான் சொன்ன ஊர்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு அமெரிக்காவின் ஆரம்ப காலத்தைப் படிப்பித்தார்கள். சிட்னியில், கிரவீனில் இருக்கிற எனக்கு அது எதற்கு என்று முணுமுணுத்தேன். ஒரு பாடம் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. கடலோரத் தீவொன்றில் நூற்றுக்கும் அதிகமான ஆங்கிலேயரைக் குடியமர்த்திவிட்டு, அவர்களுடைய ஆளுநர் சாமான் கொண்டுவரக் கப்பலேறுகிறார். வேறிடம் போவதானால் அந்த இடத்தின் பெயரைச் செதுக்கிவிட்டுப் போங்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். மூன்று வருடம் கழித்துத் திரும்பியவர் கண்டது வேலித் தூணில் ஒரு பெயரை மட்டும். அந்தப் பெயருள்ள இடத்துக்குப் போய்ப் பார்க்கப் புயல் அவரை விடவில்லை. அந்தச் சனத்தைப் பிறகு ஒருவரும் காணவில்லை.

அது 2008 முடியப்போகும் நேரம். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தார். நாங்கள் அழைக்க நம்பர் கிடையாது. எங்காவது போன் கிடைத்தால் அவர்தான் எங்களை அழைப்பார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அம்மா வன்னி வரைபடத்தை ஒட்டி, சின்னம்மா சொல்லும் ஒவ்வொரு ஊரையும் வட்டமிட்டு வந்தார். அந்த நாட்களில் போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மா மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போயிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் பெரிய மட்டைத் தாளை விரித்து, பள்ளிக்கூடத்துக்காக அந்தத் தூணை வரைந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"பிள்ளை, அம்மா நிக்கிறாவோ?"

"கோயிலுக்குப் போயிட்டா, சின்னம்மா."

"சரி, கவனமாக் கேள். நாங்கள் இண்டைக்கு வெளிக்கிடுறம்." போகப்போகும் ஊரின் பெயரைச் சொன்னார். "அம்மாட்டச் சொல்லு, என்ன? மறந்து போகாத."

"ஓம், ஓகே."

லைன் அறுந்தது. கையில் பேனை இருந்தது. எழுதிவைக்க வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. சிட்னியில் பிறந்த எனக்கு அந்த ஊர்ப் பெயர்களெல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. மறுபடி நிறம் தீட்டப் போய்விட்டேன்.

அம்மா வந்து கேட்டபோது பெயர் வரவில்லை. அம்மா வரைபடத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இதோ? இல்லாட்டி இதோ?"

தெரியாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஐந்தாவது ஊரில், "ஓம், அதுதான்" என்றேன். அம்மா மூச்சை விட்டுவிட்டு வட்டமிட்டார்.

அதற்குப் பிறகு சின்னம்மாவிடமிருந்து போன் வரவேயில்லை. அடுத்த வருடம் சண்டை முடிந்தது. காணாமற்போனவர்களைத் தேடும் படிவங்களில், கடைசியாக இருந்த இடம் என்ற கோட்டில் அம்மா நான் சொன்ன ஊரையே எழுதினார். அந்த ஊரிலிருந்து தப்பி வந்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். சின்னம்மாவை அங்கே கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார்.

"தங்கச்சி கடைசியா இவளோடதான் கதைச்சவள். இவள் போனை எடுத்தபடியாத்தான் எங்க போனவையெண்டாவது எங்களுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு என் தலையைத் தடவுவார். நானும் தடவ விட்டுக்கொண்டு நிற்பேன்.