எங்கள் கசெட் பொலிஸில் பாடியது

எங்கள் மூன்று பேருக்கும் பாட்டு விஷயத்தில் ஒத்துப்போனதே இல்லை. எனக்குச் சொற்கள் விளங்கவேண்டும். லொட்ஜ்காரிக்குச் சொல்லே தேவையில்லை, அடி நெஞ்சுக்குள் இடித்தால் போதும். கொட்டாஞ்சேனைக்காரியோ ஆடமுடியாத பாட்டைப் பாட்டு என்றே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

இருக்கிற இடத்தைக் கொண்டுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டோம். லொட்ஜ்காரி யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்தவள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், லொட்ஜ் அறையொன்றில் விசாவுக்காகக் காத்திருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி கொழும்பின் மற்றப் பக்கம், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார், குடும்பம் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்தது. நான் அம்மாவுடனும் மாமாவுடனும் காலி வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மூன்று பேரும் வெள்ளவத்தையில் ஒரே இங்கிலிஷ் வகுப்புக்குப் போனோம்.

கொட்டாஞ்சேனைக்காரியின் வீட்டில் இரண்டு கசெட் போடக்கூடிய செட் ஒன்று இருந்தது, அவளுடைய அண்ணன் மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் காத்திருந்து, எஃப்.எம்.மில் போகிற டான்ஸ் பாட்டுகளைப் பிடிப்பாள். அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்கும் அவள் பொத்தானை அமத்துவதற்கும் போட்டி. பெரும்பாலும் அரைச் சொல் மாட்டிக்கொள்ளும். புதுக் கசெட் வாங்க வசதியில்லாததால், அப்பா கோயிலில் பதிவுசெய்து வைத்திருந்த பிரசங்கக் கசெட்டுகளுக்கு மேலேயே பதிந்தாள்.

“அப்பா தூங்குற பிரசங்கம்டி அது. அவரே ஒரு தடவ கூட முழுசா கேட்டதில்ல.”

மாமா வேலைக்குப் போனபிறகு எங்கள் ஃபிளாட்டில்தான் ஆட்டம். கதிரைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு ஆடுவோம். லொட்ஜ்காரி கண்ணை மூடிக்கொண்டு ஆடுவாள். அவள் ஆடினால் நாங்கள் இரண்டு பேரும் தானாகவே நின்றுவிடுவோம். ஊரில் கரண்ட் இல்லாத வருசங்களில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டவள் அவள். சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் இழுபடுமாம். அதனாலோ என்னவோ, வேகம் குறையாமல் ஓடுகிற தாளம் என்றால் அவளுக்கு உயிர்.

“இது தையல் மெஷின் ஓடுற மாதிரியெல்லோ இருக்கு” என்பேன் நான்.

“ஓடட்டும். நிக்காமல் ஓடுதே, அதுதான் எனக்குப் பிடிக்கும்” என்பாள்.

மாமாவுக்கு இது பிடிக்காது. “ஊரிலை செல் விழுந்துகொண்டிருக்கு, இஞ்சை உங்களுக்கு டிஸ்கோ கேக்குது” என்பார். அவர் ஊரைவிட்டு வந்து இருபது வருசத்துக்கு மேல். அந்தச் செல் குண்டுகள் விழுந்த இடத்திலிருந்து வந்தவள் ஆடிக்கொண்டிருந்தாள், அவர் சோபாவில் இருந்துகொண்டு அவளுக்குச் செல்லைப் பற்றிச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து, லொட்ஜ்காரி தனியாக பஸ் எடுக்கப் போனாள். காலி வீதிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் சரியாக இருந்தன. பையில் வோக்மன் இருந்தது. ஒரு கான்ஸ்டபிள் அதைக் காதில் மாட்டி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டானாம். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன்னால், அழிபடாமல் மிஞ்சியிருந்த பிரசங்கம் வந்தது. முருகன் சூரனோடு போருக்குப் புறப்படுகிற கட்டம். ஓர் ஆண்குரல், தமிழில், ஆவேசமாக முழங்கியது. கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. புலிகளின் பேச்சு என்று முடிவுகட்ட, குரல் மட்டும் அவனுக்குப் போதுமாக இருந்தது.

“கோவில், சாமி” என்று தனக்குத் தெரிந்த சிங்களத்திலும் இங்கிலிஷிலும் அவள் சொல்லிப் பார்த்தாளாம். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி லீவில் இருந்தார். அவர் திங்கட்கிழமை வந்து, கசெட்டைக் கேட்டு, வாய்விட்டுச் சிரித்து, அவளை விடச் சொன்னார். அதுவரை அவள் உள்ளே ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தாய் வெளியே, மதிலோரம் இருந்தார்.

அன்று பின்னேரமே எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். அம்மா பிளேன்ரீ கொடுத்தார். அவள் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்திருந்தாள்.

“முதல் விசாரணைக்கெண்டு போட்டுக் கேட்டவை. பிறகு சும்மா போட்டுக் கேட்டவை” என்றாள். “ரெண்டு பக்கமும், திருப்பித் திருப்பி. எங்கட பாட்டுகள் எல்லாம். ஒருத்தன் எனக்கு முன்னாலை வந்து ஆடிக் காட்டினான். பிறகு, நங்கி, சிந்து ஹரி ஹொந்தாய் எண்டான்.”

தங்கச்சி, பாட்டு நல்லாயிருக்கு என்று பாராட்டியிருக்கிறான்.

“நீ என்ன சொன்னனி?” என்று கேட்டேன்.

“தாங்க்யூ எண்டனான்.”

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடித்தார்களா என்று அம்மா கேட்டார். இல்லை என்றாள். அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னார். எனக்கு யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரியும் அங்கே இருந்தாள். பிரசங்கம் அவள் அப்பாவுடையது, அழிக்காமல் விட்டதும் அவள். “கசெட் எங்க?” என்று கேட்டாள். அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்றதும் எழும்பிவிட்டாள். “அது என் கசெட். நான் போய் கேப்பேன்.”

அடுத்த நாள் காலை உண்மையாகவே போனாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். வாசலிலேயே கேட்டது. உள்ளறையொன்றில் எங்கள் கசெட் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிய, அறிவிப்பாளரின் அரைச் சொல், பிறகு டக்கென்று வெட்டு. அவள் விரல் அமத்திய இடம்.

மேசையில் ஒரு சார்ஜன்ட் இருந்தார். அவள் சிங்களத்தில் பேசினாள், சிங்களப் பிள்ளைகள் மாதிரியே பேசுவாள்.

“எங்கட கசெட்டை எடுக்க வந்தோம்.”

“எந்தக் கசெட்?”

“இப்ப உள்ள பாடுதே, அது.”

அவர் அசையவில்லை. “அது விசாரணைப் பொருள்.”

“விசாரணை முடிஞ்சுதானே நேத்து விட்டீங்க?”

அவர் எங்கள் அடையாள அட்டைகளைக் கேட்டார். அவளுடையதில் பிறந்த இடம் கொழும்பு, உடனே திருப்பிக் கொடுத்தார். என்னுடையதில் யாழ்ப்பாணம். அதை விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சொன்னார்: “நீ நல்ல இடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறாய். இவர்களோடு ஏன் திரிகிறாய்?”

“நானும் தமிழ்தான்” என்றாள் அவள்.

உள்ளே அடுத்த பாட்டு தொடங்கியது. யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். சார்ஜன்ட் என் அட்டையை மேசையில் போட்டு, போகச் சொன்னார். காலி வீதியில் ஏறியதும் அவள் சிங்களத்தில் கெட்ட வார்த்தைகளால் திட்டத் தொடங்கினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமா. எப்படியோ செய்தி அவருக்கு முதலே போயிருந்தது.

“ஒரு ஆட்டப் பாட்டுக் கசெட்டுக்குப் பொலிஸ் வாசலிலை போய் நிண்டனீங்களோ? அந்தப் பிள்ளை அதைக் காதிலை கொழுவிக்கொண்டு திரிஞ்சபடியாத்தானே இவ்வளவும் வந்தது? ஊரிலை சனம் சாகுது.”

“அப்ப நாங்கள் எதைக் கேட்டால் உங்களுக்குச் சரி, மாமா? ஒப்பாரியையோ?”

கையை ஓங்கினார். அம்மா நடுவில் வந்து நின்றார். பொலிஸ்காரனுக்காவது எங்கள் பாஷை தெரியாது. மாமாவுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டே பிழையை அவள் தலையில் போட்டார். அவர் மட்டுமல்ல. லொட்ஜில் இருந்த சனமும் அதையேதான் கதைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வயதுக்கு வந்த பெட்டைக்கு வோக்மன் என்னத்துக்கு என்றார்களாம்.

கொட்டாஞ்சேனைக்காரி காத்திருந்து காத்திருந்து அதே பாட்டுகளைத் திரும்பவும் பிடித்தாள். இந்த முறை கடையில் வாங்கிய வெறுங்கசெட்டில். கொண்டுவந்து கொடுத்தபோது லொட்ஜ்காரி அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“நீங்கள் கேளுங்கோ. எனக்கு இதைக் கேட்டால் அந்த வாங்கு மணக்கும்.”

“அப்ப அவனுங்க ஜெயிச்சிட்டானுங்கன்னு அர்த்தம்.”

“நான் போட்டிக்குப் போகேல்லை. பஸ்ஸுக்குப் போனனான்.”

கொட்டாஞ்சேனைக்காரி கசெட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதன்பிறகும் மூன்று பேரும் சந்தித்தோம், ரோல்ஸ் வாங்கித் தின்றோம், இங்கிலிஷ் இலக்கணத்தைத் திட்டினோம். பாட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு லொட்ஜ்காரிக்கு விசா வந்தது, வெளிநாட்டுக்குப் போய்விட்டாள்.

வெகுகாலம் கழித்து அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய மகள் நடன வகுப்புக்குப் போகிறவள், காலை முதல் எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிந்தாள். என்னைப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான். வழியில், “எங்கட அம்மாவுக்கு டான்ஸ் எண்டால் ஒண்டும் தெரியாது. கலியாண வீட்டிலையும் கதிரையை விட்டு எழும்பமாட்டா” என்று சிரித்தாள்.

எனக்குப் பழைய ஆத்திரம் அப்படியே எழும்பியது. “உன்ர அம்மா மாதிரி ஆடின ஆளை நான் இண்டைவரைக்கும் பாக்கேல்லை” என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். “உண்மையாவோ? அப்ப ஏன் விட்டவ?”

பஸ் வந்துவிட்டது. “அம்மாவிட்டைக் கேள்” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். இருக்கையில் போய் இருந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை. கடைசியில் நானும் லொட்ஜ்காரியையே பதில் சொல்ல வைத்துவிட்டேன். அந்தப் பஸ் பயணம் முழுக்க என்மேலேயே எரிந்துகொண்டு போனேன்.