புளி போட்டுத் துலக்கிய புகையிலை டப்பா

வியாழக்கிழமை மாலைகளில் நான் விளக்குத் துலக்குவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் சமையலறைத் தொட்டி சிறியது. அதனால் குத்துவிளக்குகள், காமாட்சி விளக்கு, தட்டு, செம்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஊறவைத்த புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பேன். கறை விடாத இடத்துக்கு இரும்பு நார். அன்றைக்கு அந்த வரிசையின் கடைசியில் என் மகளுடைய டப்பாவையும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்கு நானே இன்னும் சரியாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

உள்ளங்கை அளவுள்ள பித்தளைப் புகையிலை டப்பா அது. போர்க்காலத்தில் பினாங்குக்கு வந்து நின்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்தவனுடையது என்று, கிள்ளானில் அதை விற்ற பழைய சாமான் கடைக்காரர் சொன்னாராம். வெளியே கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. மூடியின் உட்புறத்தில் கறுப்பு மையால் ஆறு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒரே மேசையில் சாப்பிட்ட ஆறு பேராக இருக்கலாம் என்பது என் மகளின் ஊகம்.

சென்ற வருடம் அவள் நான்கு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. யாராவது ஏதாவது சொன்னார்களா, பாடம் கஷ்டமா, காதலா, ஒன்றும் தெரியாது. டாக்டரிடம் மட்டும் எப்படியோ கூட்டிப்போனோம்; மாத்திரை கொடுத்தார். எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. அதை யாரும் கொடுக்கவில்லை. நான் ஒரு பல் கிளினிக்கின் முகப்பு மேசையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் பெயரை அட்டையில் எழுதிக்கொண்டே மேசைக்கு அடியில் அவளுக்கு போன் அடித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல், அவள் கதவின் அடியில் தெரியும் வெளிச்சத்தில் கால் நிழல் அசைகிறதா என்று குனிந்து பார்ப்பேன். அசைந்தால்தான் முகம் கழுவப் போவேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கிள்ளானுக்குப் போயிட்டு வரேன்மா."

எதற்கு என்று கேட்டால் திரும்ப உள்ளே போய்விடுவாளோ என்று பயம். கொமுட்டர் ரயிலில் போய் மத்தியானம் திரும்பி வந்தாள். கையில் நங்கூரச் சின்னம் போட்ட ஒரு பித்தளைப் பொத்தான். அடுத்த சனிக்கிழமை ஒரு விசில். அதற்கடுத்து, நீர்மூழ்கியின் மேல்தளத்தில் தாடியும் அழுக்குமாகச் சிரிக்கும் ஆண்கள் நிற்கிற ஒரு புகைப்படம். பழைய பிஸ்கட் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. என்ன பொருள், யாருடையது, பிறகு யார் யாரிடம் இருந்தது, அதற்கு என்ன ஆனது. உறுதியில்லாத இடத்தில் "என்கிறார்" என்று எழுதுவாள்.

இருபத்தோரு வயதுப் பெண் செத்துப்போன வெள்ளைக்காரர்களின் பொத்தானைச் சேர்ப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவதா பயப்படுவதா? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இதுல அப்படி என்னதான் இருக்கு?"

"அந்தக் கப்பலுக்குள்ள அம்பது பேருமா. ஒருத்தன் எழுந்தா அந்தச் சூடு ஆறதுக்குள்ள இன்னொருத்தன் அதே படுக்கையில படுப்பான். யாருக்கும் தனி ரூம் கிடையாது. கதவும் கிடையாது."

நான்கு மாதம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள் அதைச் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத எரிச்சலில், "எங்க தாத்தாவ ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கிட்டுப் போனான். திரும்பி வரல. அவனோட கூட்டாளிங்க டப்பாவ நீ வீட்டுல வச்சுக் கும்புடு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "தாத்தாவோடது எதாச்சும் இருந்தா குடுங்கமா. அதுக்கும் கார்டு எழுதி வைக்கிறேன்."

கொடுக்க ஒன்றும் இல்லை. ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து போனவர். ஒரு பொத்தான்கூட இல்லை.

அந்த வியாழக்கிழமை அவள் வகுப்புக்குப் போயிருந்தாள். இரண்டு பாடம் மட்டும் மறுபடி எடுத்திருந்தாள். அறையைப் பெருக்கப் போனபோது பிஸ்கட் பெட்டி திறந்திருந்தது. டப்பாவை எடுத்துவந்தேன். நம் வீட்டில் இருக்கும் பித்தளை இப்படிக் கறுத்துக் கிடக்கலாமா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. வெளிப்பக்கம் புளியிலேயே பளிச்சென்று வந்துவிட்டது. கை அங்கேயே நின்றிருக்கலாம். மூடியைத் திறந்து உள்ளேயும் புளியை அப்பி, இரும்பு நாரால் தேய்த்தேன். கழுவித் துடைத்துச் சாமி மாடத்தில் விளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். தங்கம் மாதிரி இருந்தது.

ஏழு மணிக்கு வந்தாள். சாமி மாடத்தைப் பார்த்தாள். டப்பாவை எடுத்தாள், திறந்தாள்.

"உள்ள பேரு இருந்துச்சேமா."

அவ்வளவுதான். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. அவள் அறை வாசலில் வைத்த தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி ஆயிற்று. சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை. என் கணவருக்கு வேலை ஜொகூரில், அந்த வாரம் வர முடியவில்லை. போனில் சொன்னபோது, "ஒரு டப்பாவுக்கா?" என்றார். அந்தக் கதவு எனக்கு என்ன என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் பயந்து அப்படிச் சொன்னாரா, அதுவும் புரியவில்லை. டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நானே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.

கடை லிட்டில் இந்தியாவுக்குப் பின்சந்தில் இருந்தது. பழைய காற்றாடி, ரேடியோ, சோடா போத்தல் எல்லாம் கூரைவரை அடைந்து கிடந்தன. நடுவில் ஒருவர் பனியனோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையைப் பிரித்தேன்.

"அலாமாக்! யாரு அக்கா இந்த வேல பாத்தது?"

"நான்தான்."

"புளியா?"

"புளி, உப்பு."

"புளி இந்த மையை இப்படி வழிக்காதே."

"இரும்பு நாரும்."

"நல்ல வேள அக்கா, ஒங்க கையில கப்பல் கெடைக்கல. கெடைச்சிருந்தா கப்பலே வெள்ளையாயிருக்கும்." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அந்தப் புள்ளயோட அம்மாவா? இன்னைக்கு வரலியே அது?"

"ரூம விட்டு வரல அண்ணே. அந்த எழுத்த மறுபடி எழுத முடியுமா?"

டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் முடியாது? ஒரு சைன்போர்டு ஆளு இருக்கான். பழைய எழுத்து மாதிரியே போடுவான். கொஞ்சம் புகை காட்டிக் கறுக்க வச்சா ஒங்க மகளே கண்டுபிடிக்காது லா." மேசையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் கொடுத்தார். "பேருங்கள எழுதுங்க."

பேனாவை வாங்கினேன்.

எட்டு மாதமாக வாராவாரம் அந்த அறையைப் பெருக்கியிருக்கிறேன். அந்த மூடி திறந்தே கிடக்கும். ஆறு வரிகள், அதில் ஒன்று மற்றதைவிட நீளம். அதுமட்டும்தான் தெரியும். முதல் எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. ஒருமுறைகூட நான் அதைப் படிக்கவில்லை. தினமும் ஐம்பது பேரின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறவள் நான்.

"அண்ணே, உங்களுக்கு?"

"எனக்கெங்க தெரியும்? நான் பொட்டி வாங்கி பொட்டி விக்கிறவன். நெசமா அந்தக் கப்பல்லேருந்து வந்ததான்னே எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளதான் ஒக்காந்து ஒண்ணொண்ணா வாசிக்கும்." டப்பாவை என் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்கக்கா. அதுக்கிட்டயே கேளுங்க."

வீட்டுக்கு வந்து அவள் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கிள்ளானுக்குப் போனதைச் சொன்னேன். சைன்போர்டு ஆளைப் பற்றியும், புகை காட்டுவதைப் பற்றியும்கூடச் சொன்னேன். "ஆனா எனக்கு ஒரு பேருகூடத் தெரியல. நான் படிச்சதே இல்ல."

உள்ளே கட்டில் அசையும் சத்தம். பிறகு கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து அவள் குரல். ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் நாக்கில் நிற்காத பெயர்கள். மூன்றாவதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கதவு கொஞ்சம் திறந்தது. டப்பாவுக்கான அட்டையும் பேனாவும் வெளியே வந்தன.

"நீங்க பண்ணத நீங்களே எழுதுங்கமா."

மடியில் வைத்து எழுதினேன். *பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், விளக்குத் துலக்கும்போது, இவளுடைய அம்மா புளியும் உப்பும் போட்டுத் தெரியாமல் தேய்த்துவிட்டாள்.* கொடுத்தேன். இடைவெளியில் நின்று படித்தாள்.

"இரும்பு நார் எழுதலியே."

எழுதினேன்.

"தெரியாமலா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. உறுதியில்லாததற்கு "என்கிறார்" போடுகிறவளின் குரல். மையைப் பார்த்தேனா? பார்த்தேன். எழுத்து என்று தெரிந்ததா? தெரிந்தது. அந்த ஆறு பேர் என் மகளை வெளியே கொண்டுவந்தார்கள், என்னால் முடியவில்லை. அதற்காகவா தேய்த்தேன்? அப்படியும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. "தெரியாமல்" என்பதை அடித்துவிட்டு, "எழுத்து இருப்பதைப் பார்த்தும்" என்று மேலே எழுதினேன். அவள் அட்டையை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

அடுத்து வந்த நாட்களில் சிலநாள் வகுப்புக்குப் போனாள், சிலநாள் போகவில்லை. நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை விளக்குத் துலக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சப்பாத்துச் சத்தம். நான் திரும்பவில்லை.

"கிள்ளானுக்குப் போறேன்மா. எதாச்சும் வேணுமா?" கொஞ்சம் நிறுத்தி, "புளி?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாமலும் இல்லை. குத்திக் காட்டுகிறாளா, சமாதானமா என்று தெரியாமல், "இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, படிக்கட்டில் அவள் காலடி கீழ்மாடி சேரும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.