கழுநீர்த் தொட்டியில் கிடைத்த ருமேனியா

தஞ்சாவூரில் ருமேனியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், பதில் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பழைய பேருந்து நிலையத்தில் தொடங்கி மருத்துவக் கல்லூரிச் சாலை வரை அலைந்து, கண்ட இடத்தில் தின்று, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்த அறிவு இது.

என் மகன் கணினி வேலைக்காக ருமேனியாவுக்குப் போனான். கூட வேலை பார்த்த பெண்ணை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் இரண்டு பேரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்கள். டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். மூன்று மா நிலம், ஒரு பசு, நான், என் மனைவி. அதுவரை வீடு அவ்வளவுதான். நான் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவன். சிரித்த மூஞ்சியை யாரும் பார்த்ததில்லை என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மருமகள் வந்த பிறகு அந்தப் பெயர் கொஞ்சம் கெட்டுப்போனது.

அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் 'போதும்'. என் மனைவி பரிமாறினால் யாருக்கும் முதலில் அந்தச் சொல்தான் வரும். ஆனால் ஐந்து மாதம் ஆகியும் மசக்கை விடாததால், சோற்றைப் பார்த்தாலே அவள் போதும் என்றாள். சாம்பார் வாசனைக்குக் கொல்லைப்பக்கம் ஓடினாள். எடை ஏறவில்லை, இப்படியே போனால் டிரிப்ஸ்தான் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மகன் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான். "அப்பா, ஏழாவது மாசத்துக்கு முன்னாடி அவள ஊருக்கு அழைச்சிட்டுப் போயிடலாம்னு பாக்குறேன். அவ அம்மா சமையல் இருந்தா சாப்பிடுவா."

"அது எப்படிடா?" என்று கத்தினேன்.

"எப்படின்னா என்ன?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? உங்க தங்கச்சிக்கு அப்படித்தானே ஞாயம் பேசுனீங்க? தாலுகா முழுக்கக் கேட்டுச்சே!"

பேசினேன்தான். ஆனால் என் தங்கை போனது நீடாமங்கலத்துக்கு, ருமேனியாவுக்கு இல்லை. போனால் குழந்தையோடு திரும்பி வரமாட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. குழந்தைக்குப் பள்ளிக்கூடம், குளிர், விசா என்று ஆயிரம் காரணம் வரும். நான் பேரனையோ பேத்தியையோ செல்போன் கண்ணாடியில் தடவிப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும்.

"தஞ்சாவூர்ல கிடைக்காத சாப்பாடா? அவ ஊரு சாப்பாட்ட நான் கொண்டாரேன். டிக்கெட்டு போடுறத ஒரு பத்து நாளு தள்ளி வை" என்றேன்.

என்ன வேண்டும் என்று மருமகளைக் கேட்டேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், மீதி கை என்று சொன்னாள். முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கொத்துக்கறியும் சுருட்டி வேகவைத்தது ஒன்று. மக்காச்சோள மாவில் கிண்டிய களி ஒன்று. மூன்றாவது ஒரு புளிப்பு சூப். அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். புளியா, எலுமிச்சையா, தக்காளியா என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். அது வேறு புளிப்பாம்.

மறுநாள் டவுனுக்குப் போனேன். வாசலில் எட்டு நாட்டுக் கொடியைக் கட்டியிருந்த ஒரு குளிர்சாதன ஹோட்டலில் நுழைந்து, ருமேனியச் சாப்பாடு இருக்கிறதா என்றேன்.

"இருக்கு சார்" என்றார் சர்வர்.

பத்து நிமிடத்தில் வந்தது கோபி மஞ்சூரியன். மேலே கொஞ்சம் சீஸ் துருவியிருந்தார்கள்.

"இது ருமேனியாவா?"

"சீஸ் போட்டா எல்லா நாட்டுக்கும் வரும் சார்."

தின்றுவிட்டு வெளியே வந்தேன். ஹோட்டல் சரிப்படாது, நவீனமாகப் போவோம் என்று, காப்பியில் இலை வரைந்து கொடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். தாடி வைத்த முதலாளி செல்போனில் எதையோ பார்த்தார். "ஒரு அரை மணி நேரம் குடுங்க அங்கிள், செஞ்சிடலாம்" என்றார். அவர் கொண்டு வந்து வைத்த முட்டைக்கோஸ் சுருளைப் பிரித்தால் உள்ளே பன்னீர் பிரியாணி. பக்கத்தில் மயோனைஸ். "டீகன்ஸ்ட்ரக்டட் அங்கிள், பிரிச்சு வச்சது" என்றார். எனக்குப் புரியவில்லை. பிரித்துப் பார்த்ததைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள், வெளியே வாங்குவதற்குப் பதில் வீட்டிலேயே களி கிண்டலாம் என்று மக்காச்சோள மாவு தேடினேன். மளிகைக்கடைகளில் சின்னச் சின்னப் பொட்டலத்தில் வெள்ளை மாவுதான் இருந்தது. கடைசியில் ஒருவர் கீழவாசல் பக்கம் மாட்டுத்தீவனக் கடைக்குப் போகச் சொன்னார். அங்கே நல்ல மஞ்சள் மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக இருந்தது.

"எத்தனை மாடு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மாட்டுக்கு இல்லைங்க, மருமகளுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைக் கிலோ கூடுதலாகவே போட்டார்.

அதைப் புடைத்து, கல் பொறுக்கி, மாவு மில்லில் அரைத்து வந்தோம். என் மனைவி பொன்னிறமாகக் களி கிண்டினாள். பார்க்க அம்சமாக இருந்தது. நான் கை கழுவப் போன நேரத்தில் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், ஒரு பிடி கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிவிட்டாள்.

"தாளிக்காம எப்படிங்க இறக்குறது? பத்தியமா போடுறோம்?" என்றாள்.

மருமகள் பதினோரு கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரமாக வரிசையாக வைத்தாள். நல்லா இருக்கு என்று சொல்லி இரண்டு ஸ்பூன் தின்றாள். பிறகு போதும் என்றாள். பிறகு ஓடினாள்.

இதற்குள் ஆறு நாள் போய்விட்டது. மகன் விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். நான் அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

ஏழாம் நாள் காலை நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அரிசி களைந்த கழுநீர், வடித்த கஞ்சி, இரண்டு கை தவிடு எல்லாம் அதில் விழுந்து, இரண்டு நாளில் புளித்து நுரை கட்டும். பசுவுக்கு அது உயிர். அந்தப் பக்கம் வந்த மருமகள் திடீரென்று நின்றாள். குனிந்தாள். மூச்சை இழுத்தாள். வாந்திதான் வரப்போகிறது என்று நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாந்தி வரவில்லை. தொட்டிக்குள் விரலை விட்டு, வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! ஏங்க, புள்ள கழுநீரக் குடிக்குதுங்க!" என்று என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கதவு திறந்தது.

மருமகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "மாமா, இது! இதுதான் புளிப்பு!" என்றாள்.

மகன் வந்து விளக்கம் சொன்னான். அவர்கள் ஊரில் கோதுமைத் தவிட்டை வெந்நீரில் ஊறப்போட்டு ஜாடியில் புளிக்க வைப்பார்களாம். அந்தத் தெளிவை ஊற்றித்தான் சூப் வைப்பார்களாம். அதற்குப் பெயர் போர்ஷ். ஆக, நான் ஊரெல்லாம் அலைந்து தேடிய சங்கதியை என் பசு வருஷக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"முடியவே முடியாது" என்றாள் மனைவி. "மாசமா இருக்குற மருமகளுக்குக் கழுநீர் ஊத்துறாங்கன்னு ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாவு மில்லுக்குக் கிளம்பினேன்.

மில்லிலிருந்து கொண்டுவந்த கோதுமைத் தவிட்டைச் சுத்தமாகச் சலித்தோம். சம்பந்தியம்மா வீடியோவில் வந்து நின்று மேற்பார்வை பார்த்தார். வெந்நீர் எவ்வளவு, மக்காச்சோள மாவு எவ்வளவு, எப்படிக் கிளற வேண்டும் என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல மருமகள் மொழிபெயர்த்தாள். கடைசியில் அந்த அம்மா எதையோ மிகவும் கண்டிப்பாகச் சொன்னார். மருமகள் தயங்கினாள்.

"மாமா, எங்க வீட்டுப் பழக்கம். ஜாடி மூடும்போது மூஞ்சியக் கோவமா வச்சுக்கணும். சிரிச்சா புளிக்காது."

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"முப்பது வருஷ சர்வீஸு" என்றாள் என் மனைவி.

ஜாடியை என் முன்னால் நகர்த்தினார்கள். காலை அசெம்பிளிக்குத் தாமதமாக வந்தவனைப் பார்ப்பதுபோல் அதை ஒரு பார்வை பார்த்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினேன். சம்பந்தியம்மா வீடியோவில் கை தட்டினார்.

நான்காம் நாள் ஜாடியைத் திறந்தால் புளிப்பு மூக்கில் ஏறியது. கோழி, கேரட், பீன்ஸ், கொத்தமல்லி போட்டு சூப் கொதித்தது. இறக்கும் நேரத்தில் திரும்பிப் பார்க்கிறேன், என் மனைவி தாளிப்புக் கரண்டியோடு நிற்கிறாள். எண்ணெயில் கடுகு படபடவென்று வெடிக்கிறது. கை சட்டிக்கு மேலே போய்விட்டது.

"வேண்டாம்டி" என்றேன். அதட்டலாக வரவில்லை, கெஞ்சலாகத்தான் வந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியே திரும்பி, பக்கத்திலிருந்த எங்கள் ரசத்தில் கொட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எனக்காகச் செய்த பெரிய தியாகம் அதுதான்.

மருமகள் ஒரு கிண்ணம் குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் கொல்லைப்பக்கம் ஓடுவதற்கு வழி விட்டு நின்றோம். அவள் ஓடவில்லை. இரண்டாவது கிண்ணம் குடித்தாள். மூன்றாவதற்குக் கரண்டியை அவளே எடுத்தாள். போதும் என்ற சொல் அன்றைக்கு வரவேயில்லை.

நான் பயந்துகொண்டே கேட்டேன். "டிக்கெட்டு எப்பம்மா?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "டிக்கெட் அம்மாவுக்குப் போடலாம் மாமா. அம்மா இங்க வரட்டும். பாப்பா இங்கதான்."

நான் கொல்லைப்பக்கம் போய்ப் பசுவின் கழுத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா வருகைக்காக இரண்டாவது ஜாடி போட்டோம். அதே தவிடு, அதே வெந்நீர், அதே வெள்ளைத் துணி. மூடும் நேரத்தில் எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். நானும் எவ்வளவோ முயன்றேன்.

அந்த ஜாடி புளிக்கவேயில்லை.