கெளுத்திக்குப் புரட்டாசி

முட்டைகூட வாசப்படி தாண்டாத வீடு எங்களுது. அந்த வீட்டு ஹால்ல நான் மூணு வருஷம் ஒரு சிவப்புவால் கெளுத்தி வளர்த்தேன். விரல் நீளத்துல வாங்கினப்போ, "தொட்டி எவ்வளவோ மீனும் அவ்வளவுதாம்மா வளரும்"னான் மல்லேஸ்வரத்து மீன் கடைக்காரன். புளுகன்! கூட இருந்த குட்டி மீனையெல்லாம் முழுங்கிட்டு ரெண்டடிக்கு மேல வளர்ந்துடுச்சு. சோபாவை மாடிக்கு ஏத்திட்டு ஆறடித் தொட்டி போட்டேன்.

அதுக்கு இறால் வேணும். நானும் இறாலும்! கேட்டா சொந்தக்காரங்க சிரிப்பாங்க. பால்கனியில தனி ஃப்ரிட்ஜ் வெச்சு, கையுறை மாட்டி, மூச்சை அடக்கிக்கிட்டு உரிச்சேன். கண்ணாடியைத் தட்டினா மீசையை ஆட்டிக்கிட்டு மேல வந்து கையிலேர்ந்தே வாங்கிக்கும். பெத்த பொண்ணுக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையா ஊட்டினதில்லை.

போன வருஷம் அந்தப் பொண்ணோட பிரசவத்துக்கு மூணு வாரம் சென்னை போனேன். "இறால் மட்டும்தான் போடணும், வேற எதுவும் கூடாது"ன்னு வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலையாட்டினார். தினமும் போன்ல கேப்பேன். "சாப்பிட்டுது, ஜம்முனு இருக்கு"ம்பார். பின்னால தொட்டி மோட்டார் சத்தம் கேக்கும். நிம்மதியா வெச்சுடுவேன்.

திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்காம தொட்டிகிட்ட போனேன். மோட்டார் ஓடுது, லைட் எரியுது, தண்ணி பளிச்சுன்னு இருக்கு. மீன் இல்லை.

"எங்கே?"

"புரட்டாசி பொறந்துடுச்சே. பெருமாள் மாசத்துல இறாலைத் தொட மனசு வரலை. தயிர்சாதம் போட்டேன். மிச்சம் அழுகி தண்ணி கெட்டுப்போச்சு. அஞ்சாம் நாள் மிதந்துது. தென்னை மரத்தடியில புதைச்சு, தண்ணியையும் மாத்தியாச்சு. ஆச்சு, பத்து நாள்."

பத்து நாள்! தயிர்சாதம் ஆகாதுன்னு தெரியலை, போகட்டும். பெருமாள் பேரைச் சொன்னார், அதுவும் போகட்டும். செத்த மீன் சாப்பிட்டுதுன்னு பத்து நாள் வாய் கூசாம சொல்லியிருக்காரே! என் காதுல விழணும்னே வெறும் தண்ணிக்கு மோட்டார் ஓட விட்டிருக்கார். முப்பது வருஷமா இந்த மனுஷன் சொன்னதையெல்லாம் நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்.

"பச்சைக் குழந்தையோட இருக்கே, மனசு கஷ்டப்படுவியேன்னுதான்..."ன்னு இழுத்தார்.

"நாளைக்கு நான் கண்ணை மூடினா, நம்ம பொண்ணுக்கு எத்தனாவது நாள் சொல்லுவீங்க?"ன்னு கேட்டேன்.