ஒட்டினால் நம்பாதவர்

சோதனைக்கு ஒட்டியிருந்த டேப்பின் நுனியைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தார் ஆராய்ச்சியாளர். டேப் மொத்தமாகக் கையோடு வந்தது. பிளாஸ்டிக் துண்டு அப்போதுதான் குளித்து வந்ததுபோல் வழவழவென்று கிடந்தது. "வந்துருச்சு!" என்றார். மகன் பரீட்சையில் தேறிய சேதியைக்கூட யாரும் அத்தனை பூரிப்போடு சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒட்டாததை ஒட்ட வைப்பதுதான் அவருக்கு வேலை. ஒட்டாத வாணலியின் உட்புறம் பூசியிருக்கிறதே, அந்த இனத்துப் புளூரின் பிளாஸ்டிக். எண்ணெயோ தண்ணீரோ பசையோ, யார் ஜம்பமும் அதனிடம் சாயாது. அதை ஒரு திரவத்தில் நனைத்து, காற்றை விரட்டிய பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டால், ஒளி பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் முளைக்கும். செடிக்கு ஒட்டுக் கட்டுவதுபோலத்தான். இழை வேர் பிடித்தால் பசையும் பிடிக்கும். அப்படி எதுவும் பிடித்ததாக அந்த ஆய்வுக்கூடத்தில் சரித்திரம் இல்லை.

"ஊரே ஒட்டாத சட்டி வேணும்னு கடை கடையா அலையுது. இவரு அதை ஒட்ட வெக்கச் சம்பளம் வாங்குறாரு" என்பார் மனைவி. "நான் வாங்கின சட்டி தானாவே ஒட்டுது. அதைக் கொண்டுபோய்க் காட்டுங்களேன்."

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், "அப்பவே வந்துடுச்சு" என்பார் வாசல் காவலாளி. அந்தப் பெயர் தமக்குத்தானா என்பதிலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. தோற்ற நாட்களில் ஆள் கலகலப்பாக இருப்பார். விளக்கு மங்கல், பெட்டியில் காற்று புகுந்துவிட்டது, திரவம் பழசு என்று காரணங்களை ஆசை ஆசையாக விளக்குவார். கேட்பதற்குத்தான் ஆள் கிடைக்காது.

ஒரு நாள் டேப் வரவில்லை. இழுத்த இழுப்பில் பிளாஸ்டிக் துண்டே வளைந்துகொண்டு கூடவே வந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"சார், ஒட்டிருச்சு! ஸ்வீட் எங்க?" என்று குதித்தாள் உடன் வேலை பார்க்கும் பெண்.

"அவசரப்படாதேம்மா. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

சேதி மேலாளருக்குப் போயிற்று. கதவைப் பாதி திறந்து "ஆச்சா?" என்று கேட்பதுதான் இந்த ஆராய்ச்சிக்கு அவர் ஆற்றிவந்த பங்கு. உடனே அவர், இதே பிளாஸ்டிக்கில் ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய் செய்து, அதன்மேல் வேறு பாகங்களை ஒட்ட முடியாமல் திண்டாடும் நிறுவனத்தாரை அழைத்துவிட்டார்.

"சார், வெந்நீர்ல ஊற வெச்சுக் கழுவணும்" என்றார் நம்மவர். "இழை வேர் பிடிக்காம சும்மா மேல படிஞ்சிருந்தாலும் டேப்பு ஒட்டும்."

"ஒட்டிருக்கு இல்ல? விட்டுடுங்க. இந்தப் பிரிவையே மூடலாமான்னு பேசிட்டிருக்காங்க. மூடினா உங்க வேலையும் என் வேலையும் சேர்ந்துதான் போகும்."

"நோயாளி உடம்புக்குள்ள போய்க் கழண்டா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்." மேலாளருக்கு நல்ல காரியங்கள் எல்லாமே அப்புறம்தான்.

வந்தவர்களுக்குத் தலைமை ஒரு பெண் பொறியாளர். மேலாளர் தம் திருக்கரத்தாலேயே டேப்பை இழுத்தார். அது அசையவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்கிற நேரத்தில் நம்மவர் தொண்டையைக் கனைத்தார்.

"இதை இன்னும் கழுவிப் பாக்கலை, மேடம்."

மேலாளர் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒட்டிய முதல் பொருள் அதுதான்.

"கழுவினா போயிடுமா?" என்றார் பொறியாளர்.

"போகலாம். போகாமலும் இருக்கலாம்."

"எப்போ தெரியும்?"

"சாயங்காலம் ஆகும்."

"சரி, இருக்கோம்."

மேலாளர் அவர்களுக்குத் தொழிற்சாலை முழுவதையும் சுற்றிக் காட்டினார். காட்ட ஒன்றும் மிஞ்சாமல் சைக்கிள் கொட்டகையையும் காட்டினார். நம்மவர் வெந்நீர்ப் பாத்திரத்தை விட்டு நகரவே இல்லை. பிரிவு மூடினால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தார். கழலாமல் இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். அப்படி வேண்டிக்கொண்டதே தப்போ என்றும் கலங்கினார்.

சாயங்காலம் துண்டை எடுத்து உலர்த்திப் புது டேப் ஒட்டினார். அவர் நுனியைப் பிடித்தும் இழுக்காமல் தயங்குவதைப் பார்த்த பொறியாளர், "குடுங்க" என்று வாங்கித் தாமே இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். டேப்தான் கிழிந்தது.

"குழாய்லயும் இதே மாதிரி கழுவிக் காட்டுவீங்களா?"

"நாங்க எப்பவுமே கழுவித்தான் பாப்போம், மேடம்!" என்றார் மேலாளர்.

பிரிவு பிழைத்தது. விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்த மேலாளர், அந்தத் துண்டைச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டப்போவதாக அறிவித்தார். "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மார்க்கர் பேனாவை நீட்டினார். அந்தப் பிளாஸ்டிக்கில் மை வைத்தால் முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிடும். இன்று நம்மவர் போட்ட கையெழுத்து போட்ட இடத்திலேயே நின்றது.

மேலாளர் துண்டை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நம்மவர் கொடுக்கவில்லை. கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டுத் தம் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தார்.