ஜீராக் குரல்

கவரைப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஸ்பீக்கரில் ஒருவன் ஜீராவில் ஊறிய குரலில் காதலியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். எனக்குக் குமட்டியது.

இந்த அருவருப்பைப் பழக்கிவிட்டவன் என் அண்ணன். நான் எட்டாவது படித்தபோது எங்கள் வீட்டு டேப்பில் இங்கிலீஷ் ராக் மட்டும்தான் ஓடும். கிதார் அலறும், டிரம்ஸ் அடியில் அலமாரிப் பாத்திரங்கள் அதிரும். நீளமுடி ராக் பாடகன் யாராவது குழைந்து பாடினால், "த்தூ, முடி வளத்துக்கினா ராக் ஆயிடுமா? இவன்லாம் ஒரு ஆளா!" என்பான். நானும் சேர்ந்து துப்புவேன்.

பிறகு அவன் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். சில மாதங்கள் போயிருக்கும். பள்ளிவிட்டு வந்தால், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அப்படிப்பட்ட ஒரு அழுமூஞ்சிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கூடவே முணுமுணுக்கிறான்.

"ச்சீ! இன்னாண்ணா இந்த அசிங்கத்தப் போய் கேக்குற?"

"இன்னா?" என்றான். நான் கத்திச் சொன்ன பிறகுதான் அவன் காதில் விழுந்தது.

"நாள் பூரா அங்க இரும்பு இடிச்சிக்கினே கீது. ஊட்லயும் அதே சத்தம்னா தாங்கலடி."

ராக் கேசட்டுகள் இருந்த பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளினான்.

"நீ கேளு. உனக்கு இன்னும் காது நல்லா கீதுல்ல."